புஞ்சக் கணக்கும் குற்றாலத் துண்டும்: தென்காசி வட்டாரத்தில் துணித்தரத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விற்பனைத் துணியின் தரம் சரிந்து வருகிறது என்னும் கருத்தை அண்மைக்கால நிகழ்வாக மட்டும் காணாமல், தென்காசி வட்டாரத்தை மையமாகக் கொண்டு மூன்று நூற்றாண்டுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. தரத்தை அளக்கும் அளவுகோல் யார் கையில் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்பதே இதன் மையவினா. கும்பினிக்கால இழைக்கணக்கு, திருவிதாங்கூரின் ஆடைக்கட்டுப்பாடு, இங்கிலாந்துத் துணியின் கஞ்சிக் கலப்படம், கடையநல்லூர் நெசவாளரின் புலப்பெயர்வு, கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துணித்தரம், புஞ்சம், கைத்தறி, கடையநல்லூர், குற்றாலம், விரைவுப்பாணி ஆடை.

முன்னுரை

'ஃபாஸ்ட் ஃபேஷன்' என வழங்கும் விரைவுப்பாணி ஆடை வணிகம் இன்று சமூகவியலாளரும் சூழலியலாளரும் மிகுதியாகப் பேசும் பொருளாகிவிட்டது. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டபின் இவ்விவாதம் வலுப்பெற்றது. குறைந்த விலை, குறைந்த ஆயுள், விரைவில் மாறும் பாணி என்னும் மூன்றும் சேர்ந்து துணியின் தரத்தைக் கெடுத்துவிட்டன என்பதே இவ்விவாதத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. ஆயினும் வரலாற்று மாணவர் ஒருவருக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. சரிவு என்று சொன்னால் அதற்கு முன் ஓர் உயரம் இருந்திருக்க வேண்டும். அந்த உயரத்தை அளந்தவர் யார், எக்கோலால் அளந்தார், அந்த உயரத்தில் இருந்த துணியை உடுத்தவர் யார் என்ற வினாக்களைக் கேட்காமல் சரிவைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது.

இவ்வினாக்களுக்குத் தென்காசி வட்டாரம் பொருத்தமான களம். புளியங்குடி, சங்கரன்கோவில், கடையநல்லூர் போன்ற நெசவூர்கள் இதனுள் அடங்கும். கரிசல் பருத்தி நிலமும் தாமிரபரணிக் கரையின் பழைய நூற்பாலையும் இதற்கு அண்மையில் உள்ளன. ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வந்து நீராடிச் செல்லும் குற்றாலம், மலிவுத்துணி விற்கும் பருவச் சந்தையாகவும் இருக்கிறது. ஆவணங்களைத் தேடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பதிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கட்டுகளுக்குள் இருக்கின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் அதன் பதிவுகள் வேறோரிடத்தில் கிடக்கின்றன. இந்த எல்லைக்கோடு நம் பொருளுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

புஞ்சம்: அளவுகோலும் பூசலும்

சோழமண்டலக் கரைத் துணி வணிகத்தில் தரத்தைக் குறித்த சொற்களுள் முதன்மையானது புஞ்சம். 120 பாவு இழைகள் கொண்டது ஒரு புஞ்சம். துணியின் அகலம் மாறாதிருக்க, அதில் எத்தனை புஞ்சம் அடங்குகிறதோ அதற்கேற்ப நெசவின் நெருக்கம் அமையும். 14 புஞ்சத் துணியில் 1,680 பாவு இழைகள். 18 புஞ்சத் துணியில் 2,160. நெருக்கம் கூடினால் நூல் மெலியதாக இருக்க வேண்டும். நூல் மெலிந்தால் நூற்பவரின் உழைப்பும் நெய்பவரின் நாட்களும் கூடும். ஆகவே புஞ்சம் என்பது துணியின் அளவு மட்டுமன்று, கூலியின் அளவுமாகும். 18 புஞ்சத்தில் நெய்ய வேண்டிய துணியை 17இல் நெய்தால் பாவில் பதினெட்டில் ஒரு பங்கு நூல் மிஞ்சும். கஞ்சி ஏற்றிய புதுத்துணியில் அக்குறை கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கும்பினி நெல்லைச்சீமையின் உள்நாட்டு நெசவூர்களிலிருந்து வணிகர்வழித் துணியைப் பெற்றது. மாதிரித்துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதும், தாழ்ந்ததாகக் கருதியதற்கு விலை குறைப்பதும், திருப்பி அனுப்புவதும் ஐரோப்பியக் கும்பினிகள் அனைத்தின் வழக்கம். துணி நலிந்துவிட்டது, இழை குறைந்துவிட்டது, சொன்ன அளவு இல்லை என்னும் முறையீடுகள் அவற்றின் கடிதங்களில் நூற்றாண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. விரைவுப்பாணி ஆடை பற்றிய இன்றைய புலம்பலைப் படித்துவிட்டு இக்கடிதங்களைப் படிப்போருக்குச் சற்று வியப்பே ஏற்படும். தரச்சரிவு என்னும் குறைப்பாட்டுக்கு அவ்வளவு வயது.

இம்முறையீடுகளை எவ்வாறு வாசிப்பது? பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூலில், 18ஆம் நூற்றாண்டில் அரிசியும் பருத்தியும் விலையேறியபோது கும்பினி விலையை உயர்த்த மறுத்ததையும், அதற்கு ஈடாக நெசவாளர் இழையைக் குறைத்ததையும் இணைத்துக் காட்டுகிறார். அவ்வாறாயின் இழைக்குறைப்பு கைத்திறனின் வீழ்ச்சியன்று. விலை பேசும் ஒரு முறை. வாய்விட்டுக் கூலி கேட்க முடியாத இடத்தில் தறி பேசியது என்று கொள்ளலாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை நெசவாளருக்கு முன்பு இருந்தது. ஆட்சியதிகாரம் கும்பினி கைக்குச் சென்றபின் அவ்வுரிமை தேய்ந்தது என்பதும் அவர் வாதம். திருநெல்வேலிச்சீமை 1801இல் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இங்கு ஒரு மாற்றுக்கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இழைக்குறைப்பு அனைத்தையும் எதிர்ப்பு என்று கொள்வது மிகையாகும். இடைத்தரகர் அதில் ஆதாயம் கண்டிருக்கலாம். வறுமையே காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் ஓர் உண்மை நிலைபெறுகிறது. புஞ்சம் என்ற சொல்லை நெய்தவரும் அறிவார், வாங்கியவரும் அறிவார். பூசல் நிகழ்ந்தது ஒரே அளவுகோலின் இரு முனைகளில் நின்றவர்களுக்கிடையே.

முரட்டுத்துணி: சட்டம் விதித்த தரம்

தரமான துணி அனைவருக்கும் கிடைத்த ஒரு பொற்காலம் இருந்தது என்னும் எண்ணத்தைத் தென்காசியின் மேற்கெல்லையே மறுக்கிறது. செங்கோட்டையை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் எவர் எத்துணியை எவ்வாறு உடுத்தலாம் என்பது சாதிவழி வரையறுக்கப்பட்டிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என இன்று நாம் குறிக்கும் நீண்ட பூசலின் முடிவில் 1859இல் வெளிவந்த அரசாணை, அன்றைய ஆவணங்கள் சாணார் என்று குறித்த நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என இசைந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்றும், முரட்டுத்துணியை மீனவப் பெண்கள் சுற்றும் முறையில் சுற்றிக்கொள்ளலாம் என்றும் அது வகுத்தது. இவ்வாணையைப் பேசும் ஆய்வுகள் மார்பை மறைக்கும் உரிமையையே பெரிதும் கவனித்துள்ளன, அது இயல்பே. துணி வரலாற்றின் நோக்கில் 'முரட்டுத்துணி' என்னும் சொல்லும் அதே அளவு கவனத்திற்குரியது. நூலின் பருமன் சட்டத்தின் வாயிலாக உடலுக்கு விதிக்கப்பட்டது. நெருக்கமான மெல்லிய நெசவு ஒரு சாராரின் அடையாளமாக இருக்க வேண்டுமானால் மற்றவர் முரட்டுத்துணியில் இருந்தாக வேண்டும்.

ஆகவே மலிவுத்துணியின் வரவை இழப்பாக மட்டும் கணக்கிட இயலாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் அடித்தட்டு மக்களின் உடைப்பழக்கம் மாறியதையும், அம்மாற்றம் கைத்தறிச் சந்தையின் அமைப்பையே மாற்றியதையும் ஜப்பானிய ஆய்வாளர் யனகிசவா ஹருக்கா 1993இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. வண்ணச் சேலையும் இரவிக்கையும் கைலியும் புதிய வாங்குவோரை அடைந்தன. அவர்களுக்கு அது தரச்சரிவு அன்று. முதன்முறையாகத் தாமே தேர்ந்து வாங்கிய துணி அது.

சீனக்களிமண்ணும் சீமைத்துணியும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சீமைத்துணியும் சீமைநூலும் நெல்லையின் சந்தைகளில் நிரம்பின. ஆலைத்துணி சீரானது, கைத்தறி ஒழுங்கற்றது என்னும் கருத்து அக்காலத்திலேயே வேரூன்றியது. அக்கருத்தின் ஒரு பகுதி பொய். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியபோது லங்காஷயர் ஆலைகள் பாவுக்கு ஏற்றும் கஞ்சியில் சீனக்களிமண்ணை மிகுதியாகச் சேர்க்கத் தொடங்கின. போர் முடிந்த பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பிய துணியில் களிமண்ணின் எடை நூலின் எடையோடு போட்டியிட்டது என்றால் மிகையன்று. கையில் கனமாகவும் வழவழப்பாகவும் இருந்த துணி முதல் சலவையில் சல்லடையாகத் தெரிந்தது. கப்பலில் பூஞ்சணம் பூத்து வந்த பேல்களும் உண்டு. களிமண் தூசும் செயற்கை ஈரமும் அங்கிருந்த தொழிலாளர்களின் நுரையீரலைப் பாதித்ததால் 1889இல் பிரிட்டனில் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

அதே 1889இல் இந்தியாவில் வணிகக்குறிச் சட்டம் வந்தது. துணிச்சுருளின் மேல் அதன் நீளத்தை முத்திரையிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. சட்டம் கஜக்கணக்கைக் காத்தது, இழைக்கணக்கைக் காக்கவில்லை. புஞ்சம் என்னும் சொல் சந்தையில் வகித்த இடத்தை முத்திரையும் படமொட்டிய சீட்டும் ஊர்ப்பெயரும் பிடித்துக்கொண்டன. 'கிளாஸ்கோ மல்' என்று கேட்டு வேட்டி வாங்கியவருக்கு அத்துணியின் சதுர அங்குலத்தில் எத்தனை இழை என்பது தெரியாது. பெயரை நம்பினார். அளவுகோல் கைமாறியதன் முதற்கட்டம் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

நூலின் எண்ணும் இக்காலத்தில்தான் நம் நெசவாளரின் நாவில் ஏறியது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்நூலின் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி அருவிநீரின் விசையைக் கொண்டு பாபநாசத்துக்கு அருகே நிறுவிய ஆலை இவ்வட்டாரத்திலேயே ஆலைநூல் உருவாக வழி செய்தது. கைராட்டை நூல் மறைந்தபின் நூலின் தரம் நெசவாளரின் கட்டுப்பாட்டிலிருந்து விலகியது. கட்டு பிரித்த பின்னரே சிட்டத்தின் குணம் தெரியும் நிலை வந்தது.

பருத்தியிலும் இதே கதை உண்டு. கரிசல் நிலத்தின் கருங்கண்ணி நீளமும் உறுதியும் உடைய நாட்டுப்பருத்தி. அதோடு குட்டை இழையுள்ள புளிச்சைப் பருத்தியைக் கலந்து விற்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தலைவலியாக இருந்தது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் பண்ணை நல்ல விதைகளைத் தேர்ந்து பரப்பியது. 1923இன் பருத்திப் போக்குவரத்துச் சட்டமும், 1932இன் சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டமும் கலப்படத்தைத் தடுக்க முயன்றன. ஏற்றுமதியாளரும் ஆலைகளும் வற்புறுத்தியதால் பஞ்சின் தூய்மைக்குச் சட்டம் கிடைத்தது. துணியை இறுதியில் உடுத்துபவருக்கு அத்தகைய வற்புறுத்தும் வலிமை இல்லை.

கடையநல்லூர்: தறியை விட்டவர்கள்

தரத்தின் வரலாற்றை நூலையும் துணியையும் மட்டும் கொண்டு எழுதிவிட முடியாது. கடையநல்லூர், தென்காசி ஊர்களின் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புலம்பெயர்ந்தன. ஆலைத்துணியின் போட்டியும் பஞ்சமும் இதற்குப் பின்புலம். பஞ்சக்காலத்தில் உணவு விலை ஏறியதும் மக்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். எனவே விளைச்சல் பொய்த்த உழவருக்கு முன்னரே நெசவாளர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். 1876-78 பெரும்பஞ்சத்தில் சென்னை அரசு நெசவாளருக்கெனத் தனி நிவாரணம் வகுத்ததன் காரணமும் இதுவே.

இப்புலப்பெயர்வில் ஒரு தனித்தன்மை உண்டு. பிற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பாலும் ஆடவராகத் தனித்துச் செல்ல, இவ்வூர்க் குடும்பங்கள் பெண்களோடும் பிள்ளைகளோடும் சென்றன. தஞ்சோங் பகார் பகுதியில் பெண்கள் மசாலை இடித்து விற்றனர். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946இல் அது உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. சிங்கப்பூர்த் தமிழ்க்கல்வி வரலாற்றில் போற்றப்படும் அப்பள்ளியை நிறுவியோரின் ஊர் ஒரு நெசவூர் என்பதைக் கல்வி வரலாற்றாசிரியர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். துணி வரலாற்றில் அது ஒரு வரியன்று. அக்கைகள் உரலுக்கு மாறியபோது பாவு ஓட்டவும், கஞ்சியின் பதம் பார்க்கவும், அறுந்த இழையைத் தொட்டே அறியவும் தெரிந்த ஒரு தலைமுறையின் அறிவு தறியை விட்டு வெளியேறியது. பண்டம் நலிவதற்கு முன்பே அதைச் செய்யும் கை நலிந்துவிடுகிறது. ஆவணங்களில் பதிவாவதோ பண்டத்தின் நலிவு மட்டுமே.

அகில இந்திய எண்களும் இதே திசையைக் காட்டுகின்றன. கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி 1995-96இல் ஏறத்தாழ 65.5 இலட்சமாக இருந்த நெசவாளர், துணைத்தொழிலாளர் தொகை 2009-10இல் 43.3 இலட்சமாகவும், 2019-20இல் 35.2 இலட்சமாகவும் குறைந்தது.

துண்டு: ஒதுக்கீடும் நழுவலும்

1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு அமைப்பும் அதன்கீழ் வந்த நெசவாளர் சங்கங்களும் அளவுகோலை ஓரளவு மீட்டெடுத்தன. நூல் நம்பர், அங்குலத்துக்குப் பாவு இழை, ஊடை இழை எனச் சங்கம் விதித்த கணக்கின்படி துணி நெய்யப்பட்டு, சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்றது. உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து இழை எண்ணும் சோதனை, புஞ்சக் கணக்கின் தொடர்ச்சியே. இதே காலத்தில் ஜவுளிக்கடைகளும் அறிவுள்ள இடைநிலையாக இருந்தன. 1920களில் திருநெல்வேலியில் ஆர்.எம்.கே.வி.யும் திருவில்லிபுத்தூரில் போத்தீஸும் தோன்றின. துணியைக் கஜக்கணக்கில் கிழித்து விற்ற காலம் வரை கடைக்காரர் நம்பர் சொல்லுவார், வாங்குபவர் விரலிடையே தேய்த்துப் பார்ப்பார், தையற்காரர் தம் கருத்தைச் சொல்லுவார். ஆயத்த ஆடை இம்மூன்று உரையாடல்களையும் ஒருசேர நீக்கியது. சட்டையின் கழுத்துப்பட்டையில் இருக்கும் எண் இன்று உடலின் அளவு, துணியின் அளவன்று.

1985இல் நாடாளுமன்றம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட பண்டங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. ஆலை உரிமையாளரும் விசைத்தறியாளரும் தொடுத்த வழக்குகளால் முடங்கிய அச்சட்டத்தை 1993இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த பண்டங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. அப்பதினொன்றில் சேலை, வேட்டி, கைலி ஆகியவற்றோடு துண்டும் அங்கவஸ்திரமும் இன்றும் உள்ளன. ஆனால் ஒதுக்கீடு பண்டத்தின் பெயருக்கு இல்லை. நெசவு வகை, நூல், கரை போன்ற நுட்ப வரையறைக்கே உண்டு. வரையறையிலிருந்து ஓர் இழை விலகினால் அதே துண்டைத் தடையின்றி விசைத்தறியில் ஓட்டலாம். சட்டத்தை எழுதியவர் துணியை அறிந்திருந்தார்; அதைச் சுற்றிச் செல்பவர் அதைவிட நன்றாக அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் குற்றாலத்துக்கு வருவோம். ஆனி முதல் ஆவணி வரை சாரல் பருவத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் செல்லும் வழிகளில் துண்டும் அரைக்கால்சட்டையும் பனியனும் குவித்து விற்கப்படுகின்றன. வருபவரில் பலர் துண்டை வீட்டில் மறந்தவர், அல்லது நனைத்துக் கொண்டுபோக விரும்பாதவர். அருவியில் நின்று, துவட்டி, பிழிந்து, சிலர் அங்கேயே விட்டுச் செல்லவும் செய்வர். ஒரு நாள் பயனுக்கென வாங்கும் துணிக்கு ஒரு நாள் ஆயுள் போதும் என்பது விற்பவரின் கணக்கு. வாங்குபவரும் அதை மறுப்பதில்லை. விரைவுப்பாணி வணிகத்தின் தருக்கம் பெருநகர வணிக வளாகத்தில் அல்லாமல் ஓர் அருவிக்கரையில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது ஆய்வாளருக்குக் கிடைத்த வாய்ப்பு.

அத்தகைய துண்டின் இயல்பு நூல்வழி விளக்கத்தக்கது. கழிவுப்பஞ்சிலிருந்து 'ஓப்பன் எண்ட்' முறையில் சுழற்றிய தடித்த நூலில் இழைகள் குட்டையானவை. தேய்த்தால் பஞ்சுத்துகள் உதிரும். பாலியெஸ்டர் கலந்தால் விலை குறையும், நிறம் நிற்கும். நீரை உறிஞ்சும் திறன் குறையும். அதாவது, துண்டு எதற்காகப் படைக்கப்பட்டதோ அவ்வேலையை அது செய்யாது. நெருக்கம் குறைந்த நெசவைக் கஞ்சி மறைத்திருந்தால் முதல் நனைவிலேயே குட்டு வெளிப்படும். லங்காஷயரின் சீனக்களிமண் செய்த வேலையை இங்கு மாவுக்கஞ்சி செய்கிறது. துவைத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் எங்கும் இல்லை. குற்றாலத்தில் மட்டும் வாங்கிய சில நிமிடங்களில் சோதனை நடந்துவிடுகிறது. ஆனால் அப்போது வாங்கியவர் அருவிக்கடியிலும் பேருந்து புறப்படும் நிலையிலும் இருப்பார்.

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். மலிவுத்துணிக்குப் பின்னால் மலிவான உழைப்பு இருக்கிறது. திருப்பூர் ஆடை வணிகத்துக்கு நூல் தரும் ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டதை 2011இல் நெதர்லாந்தின் சோமோ நிறுவனமும் மற்றோர் அமைப்பும் இணைந்து வெளியிட்ட அறிக்கை வெளிக்கொணர்ந்தது. திருமணச் செலவுக்கான தொகையை ஒப்பந்தக்கால இறுதியில் தருவதாகச் சொல்லி, இடையில் விலக முடியாதபடி கட்டிய முறை அது. முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமையை இழந்த 18ஆம் நூற்றாண்டு நெசவாளரோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. முன்பணம் பின்பணமாக மாறியிருக்கிறது. விலக இயலாமை மாறவில்லை.

அரசு தரப்பில் 2006இல் கைத்தறிக் குறியும், 2015 ஆகஸ்டு 7இல் இந்தியக் கைத்தறி வணிகக்குறியும் அறிமுகமாயின. வீரவநல்லூரில் சௌராட்டிர நெசவாளர் நெய்யும் செடிபுட்டா சேலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இக்குறிகள் அரிய துணிக்கே காவலாகின்றன. திருநாளுக்கு உடுத்தும் சேலைக்குச் சான்றிதழ் இருக்கிறது. நாள்தோறும் தோளில் கிடக்கும் துண்டின் நூல் நம்பரை அதன் சீட்டில் அச்சிட வேண்டும் என்று கேட்போர் இல்லை. நூல் நம்பரும் அங்குல இழையும் சீட்டில் இடம்பெறுவது தொழில்நுட்ப அளவில் கடினமானதன்று. கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளில் அவ்விரு எண்களும் எப்போதும் எழுதப்பட்டே வந்துள்ளன.

அப்பதிவேடுகள் இதுவரை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தப்படவில்லை என்றே சொல்லலாம். புளியங்குடி, சங்கரன்கோவில் பகுதிச் சங்கங்களில் உள்ள உற்பத்திக் கணக்கையும் சோதனைக் குறிப்பையும் ஆண்டுவாரியாகத் தொகுத்தால், எவ்வகைத் துணியில் எந்த ஆண்டு முதல் இழை குறைந்தது, அவ்வாண்டில் நூல் விலையும் கூலியும் என்ன என்பதை ஒப்பிட முடியும். 18ஆம் நூற்றாண்டைப் பற்றி வாங்குபவரின் கடிதங்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டைப் பற்றி நெய்தவரின் கணக்கும் நெய்தவரின் வாய்மொழியும் கிடைக்கின்றன. பாவு, ஊடை, விழுது, தார், சிட்டம் என்ற சொற்களை விளக்கமின்றிப் பேசும் முதியோர் இவ்வூர்களில் இன்னும் உள்ளனர். பதிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.